டி.சி. இல்லாமலும் பள்ளியில் சேரலாம்

ஜூன் வந்தால் ஊர் மாறிவந்த வீடுகளில் ஒரே கேள்விதான்: "டி.சி. வந்துவிட்டதா?"

எங்கள் காலத்தில் மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் அடுத்த பள்ளியின் படி ஏற முடியாது. கட்டண பாக்கி என்று பழைய பள்ளி அதைப் பிடித்து வைத்தால் பிள்ளை வீட்டில்தான். கடன் பாக்கிக்கு நாங்களும் வங்கியிலிருந்து நோட்டீஸ் அனுப்பினோம். யாருடைய பிள்ளையையும் அடகு பிடித்ததில்லை!

2010 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு இதை மாற்றியது. 6 முதல் 14 வயதுப் பிள்ளை அரசு அல்லது உதவி பெறும் பள்ளிக்கு மாற விரும்பினால், பழைய பள்ளியின் தலைமையாசிரியர் உடனே டி.சி. தரவேண்டும். தாமதித்தால் அவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை. டி.சி. வரவில்லை என்பதற்காகப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. சுயநிதிப் பள்ளியில் இடம் கேட்க இந்தப் பிரிவு உதவாது; அது ஒரு குறைதான்.

தாமிரபரணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டம் 1986-லும், ஆலங்குளம் 2019-லும் நெல்லை மாவட்டத்தை விட்டுப் பிரிந்தன. பஸ்ஸில் போய்வரும் தூரம் வேறு மாவட்டமாகிவிட்டது. சட்டமோ மாநிலம் தாண்டினாலும் உரிமை உண்டு என்கிறது.

இப்போது எமிஸ் இணையதளத்திலும் பழைய பள்ளி பிள்ளையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடவேண்டும். அதையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நம் காவலாளிகள், வீட்டு வேலைக்கு வருபவர்களின் பிள்ளைகளுக்குத்தான் இதில் வருடம் வீணாகிறது. 5-ஆவது பிரிவின் நகல் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. வாங்கி அவர்களிடம் கொடுங்கள்.