வீட்டிலா, சானடோரியத்திலா?

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் செல்லும் மின்சார ரயிற்பாதையில் 'தாம்பரம் சானடோரியம்' என்றொரு நிலையம் உண்டு. 1928-ஆம் ஆண்டில் டாக்டர் சௌரிமுத்து அங்கே நிறுவிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. தூய காற்றும் ஓய்வும் நல்லுணவுமே க்ஷயத்திற்கு மருந்தென்று உலகம் நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கை எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

சானடோரியத்தில் சேர்ந்தோர் பலர் நலமடைந்து திரும்பினர், அதில் ஐயமில்லை. ஆனால் சேராதிருந்தால் அவர்கள் என்னவாகியிருப்பர்? இந்த வினாவுக்கு, குணமடைந்தோரை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது.

1948-இல் இங்கிலாந்தில் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆராய்ச்சி இதற்கு வழி காட்டிற்று. மருந்து எல்லோருக்கும் போதாத நேரம். ஆதலால் 107 நோயாளிகளுள் மருந்து பெறுவோர் யார் என்பதைப் புள்ளியியல் அறிஞர் பிராட்ஃபோர்டு ஹில் ஏறத்தாழத் திருவுளச்சீட்டுப் போல முடிவு செய்ய ஏற்பாடு செய்தார். விடை ஒட்டிய உறைக்குள் இருந்தது. எனவே, தேறக்கூடியவர் எனத் தோன்றுபவரை மருந்துப் பக்கம் சேர்க்க மருத்துவருக்கு வாய்ப்பில்லை. ஓய்வுடன் மருந்தும் பெற்ற 55 பேரில் ஆறு மாதங்களுக்குள் இறந்தவர் 4 பேர். ஓய்வு மட்டுமே பெற்ற 52 பேரில் 14 பேர். இங்கே இன்னொன்றையும் காண வேண்டும். அந்த மருந்தே இல்லாமலும் 38 பேர் ஆறு மாதத்தைக் கடந்து உயிரோடிருந்தனர். அவர்களுக்கு நாம் வெறும் துளசித் தீர்த்தம் கொடுத்திருந்தால், அந்த 38 உயிர்களையும் துளசியின் கணக்கில் வரவு வைத்திருப்போம் அல்லவா?

இனிச் சென்னைக்கு வருவோம். நல்ல மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் மருத்துவமனைப் படுக்கைகளோ நோயாளிகளின் தொகைக்கு எவ்வகையிலும் போதவில்லை. வீட்டிலேயே மருந்து கொடுக்கலாம் என்றால், நெருக்கடியான குடிசைகளில் அரை வயிற்றுக்கு உண்டு வாழ்பவர் தேறுவாரா, உடன் உறங்கும் குழந்தைகளுக்கு நோய் தொற்றாதா என்ற அச்சம் நியாயமானதே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவை கூடி 1956-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் கண்டன. நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேர் இருபாலாகப் பிரிக்கப்பட்டனர்; இங்கும் பிரித்தது தற்செயலே. ஒரு சாரார் வீட்டில். மறு சாரார் சானடோரியத்தில். இரு சாராருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள்: ஐசோநியாசிடும் பி.ஏ.எஸ்ஸும். வீட்டிலிருந்தோர் மருந்தை உண்மையிலேயே விழுங்குகிறார்களா என்று சிறுநீரைச் சோதித்துப் பார்த்தார்கள். கொடுத்த மருந்து வேறு, உண்ட மருந்து வேறு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

1959-இல் முடிவு வெளிவந்தது. ஓராண்டின் இறுதியில் நோய் அடங்கியிருந்தோர் வீட்டில் நூற்றுக்கு 86 பேர். சானடோரியத்தில் 92 பேர். மேலோட்டமாகப் படிப்பவர், "சானடோரியம் வென்றது" என்று ஏட்டை மூடிவிடுவார். பொறுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் நூறு பேருக்குக் குறைவு. ஆகவே ஆறு விழுக்காடு என்பது ஐந்தாறு ஆட்களே. அந்த அளவு வேறுபாடு சீட்டு விழுந்த வகையாலேயே நேரக்கூடும். அதற்காக இரண்டும் சமமென நிறுவப்பட்டுவிட்டதாகவும் சொல்லக் கூடாது. சிறியதோர் உண்மையான வேறுபாடு இச்சிறு தொகையில் மறைந்திருக்கலாம். பெரிய வேறுபாடு இல்லை என்பதே நேர்மையான வாசிப்பு.

எனக்கு இவ்வாராய்ச்சியில் மிகவும் பிடித்த பகுதி வேறு. சானடோரியத்தில் நன்கு உண்டவர்களின் உடல் எடை, வீட்டிலிருந்தோரின் எடையைக் காட்டிலும் மிகுதியாக ஏறியிருந்தது. தராசை மட்டும் நம்பியிருந்தால் தீர்ப்பு எவ்வளவு எளிதாகத் திசைமாறியிருக்கும்! கன்னம் பூரிப்பதை நலத்தின் அடையாளமெனக் கொள்வது நம் வழக்கம். தாய்மாரைக் கேட்டால் தெரியும். ஆனால் அவர்கள் தேடியது சளியில் கிருமி உண்டா இல்லையா என்பதை. அந்தச் சோதனையில் மெலிந்தவரும் ஏறத்தாழ அவ்வளவே தேறியிருந்தார். எதை அளப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானியாத ஆராய்ச்சியில், முடிவு வந்தபின் தமக்கு வேண்டிய அளவுகோலை எவரும் எடுத்துக்கொள்ளலாம்.

குழந்தைகளைப் பற்றிய அச்சம்? இரு சாராரின் குடும்பத்தினரையும் ஐந்தாண்டுகள் விடாமல் தொடர்ந்து பார்த்தனர். வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்ட குடும்பங்களில் நோய் மிகுந்துவிடவில்லை. குழந்தைகளுக்குப் பெரிய ஆபத்து, சிகிச்சை தொடங்குமுன் நோயாளியோடு கழித்த நாட்களிலேயே இருந்தது. 1962-இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம், நோயாளி தம் வீட்டிலிருந்தபடியே மருந்துண்ணும் முறையை மேற்கொண்டது.