முன்கூட்டியே விழும் ஓட்டுகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவில் தேர்தல் நாள் வரை காத்திருக்காமல் ஓட்டுப் போட்டுவிடலாம். தபாலில் அனுப்பலாம். பல மாநிலங்களில் சில நாட்கள் முன்னதாக நேரில் போயும் போடலாம். இதுவரை எத்தனை பேர் ஓட்டளித்துவிட்டார்கள் என்ற கணக்கைத் தேர்தல் அலுவலகங்கள் அவ்வப்போது வெளியிடுகின்றன. கணக்கு வந்ததுமே ஜோசியம் ஆரம்பமாகிவிடும். "கூட்டம் அதிகம், அதனால் மாற்றம் வரும்" என்பார் ஒருவர். "போட்டவர்களில் பெரியவர்களே அதிகம், அதனால் பழைய ஆளே ஜெயிப்பார்" என்பார் இன்னொருவர். உள்ளூர்த் தேர்தல்களில் கருத்துக்கணிப்பு அபூர்வம் என்பதால் அங்கே இந்த ஜோசியத்துக்கு மவுசு இன்னும் அதிகம்.

உண்மையில் இந்தக் கணக்கு எதைக் காட்டுகிறது? விடை தேட, பழைய தேர்தல்கள் சிலவற்றைப் பார்த்தாலே போதும்.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்திலேயே, 1864 தேர்தலில், களத்தில் இருந்த படைவீரர்கள் ஊருக்கு வராமல் ஓட்டளிக்கப் பல மாநிலங்கள் வழி செய்தன. ஆனால் நெடுங்காலம் அது விதிவிலக்காகவே இருந்தது. ஊரில் இல்லை, உடம்பு சரியில்லை என்று ஏதாவது காரணம் காட்ட வேண்டும். கலிபோர்னியா 1978-ல் அந்த நிபந்தனையை நீக்கியது. ஒரிகன் மாநிலம் 1981-ல் தபால் முறையை உள்ளூர்த் தேர்தல்களில் சோதித்துப் பார்த்து, 1987-ல் அவற்றுக்கு நிரந்தரமாக்கியது. 1998-ல் எல்லாத் தேர்தலுக்கும் தபால்தான் என்று மக்களே வாக்களித்து முடிவு செய்தார்கள். ஆக, தபால் தேர்தல் என்ற ஏற்பாடு வளர்ந்ததே உள்ளூர்த் தேர்தல்களில்தான்.

இதைச் சரியாகப் படிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு முதல் பாடம் 1982-ல் கிடைத்தது. லாஸ் ஏஞ்சலஸ் மேயராக இருந்த டாம் பிராட்லி கலிபோர்னியா ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டார். வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கணிப்புகள் அவர் ஜெயிப்பார் என்றன. தேர்தல் நாளில் நேரில் விழுந்த ஓட்டுகளில் அவர் முன்னிலையும் பெற்றார். ஆனால் தபால் ஓட்டுகளைச் சேர்த்ததும் 1 லட்சத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜார்ஜ் டியூக்மேஜியனிடம் தோற்றுப்போனார். கறுப்பின வேட்பாளருக்கு ஓட்டுப் போடுவதாக வெள்ளையர்கள் பொய் சொன்னார்கள் என்ற விளக்கம்தான் பிற்பாடு பிரபலமானது. இன்னொரு எளிய காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை. சாவடி வாசலில் நின்று கேட்டால், வீட்டிலிருந்தே ஓட்டை அனுப்பியவர் எப்படிக் கண்ணில் படுவார்?

இரண்டாவது பாடம் சியாட்டில் நகரத்துடையது. வாஷிங்டன் மாநிலத்தில் தேர்தல் முழுக்கத் தபால் வழியில்தான். ஏறக்குறைய மூன்று வாரம் முன்பே வாக்குச்சீட்டு வீட்டுக்கு வந்துவிடும். தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் ஊரில் வைத்திருக்கும் பெட்டியில் போடலாம். அல்லது தபாலில் அனுப்பலாம். தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழுந்திருந்தால், பிறகு வந்து சேர்ந்தாலும் செல்லும். முதல் நாள் இரவு வெளியாகும் முடிவில் இருப்பவை பெரும்பாலும் சீக்கிரம் வந்த ஓட்டுகள். கடைசி நேர ஓட்டுகள் அடுத்தடுத்த நாட்களில்தான் எண்ணப்படும்.

2013-ல் அந்நகர மன்றத்துக்கு க்ஷமா சாவந்த் போட்டியிட்டார். புணேயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, மும்பையில் வளர்ந்து, அமெரிக்காவில் பொருளாதாரம் கற்பித்தவர். வெளிப்படையான சோஷலிஸ்ட். எதிரில் நின்ற ரிச்சர்ட் கான்லின் 16 ஆண்டுகளாக மன்றத்தில் இருந்தவர். நவம்பர் 5 இரவு வந்த முதல் எண்ணிக்கையில் கான்லின்தான் முன்னிலை. அன்றிரவோடு கதையை முடித்திருந்தால் சாவந்த் தோற்றவர். ஆனால் நாளுக்கு நாள் இடைவெளி குறைந்தது, பிறகு தலைகீழானது. நவம்பர் 15 அன்று கான்லின் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இது தற்செயலா? 2019-ல் அதே கதை மீண்டும் நடந்தது. அமேசான் நிறுவனம் அந்த ஆண்டு சியாட்டில் நகர மன்றத் தேர்தலில் வணிக சபையின் பிரசார நிதிக்கு சுமார் 15 லட்சம் டாலர் கொடுத்திருந்தது. அந்த நிதி ஆதரித்த ஈகன் ஓரியன் முதல் இரவில் சுமார் 8 புள்ளி முன்னிலையில் இருந்தார். கடைசியில் சாவந்த் சுமார் 4 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். 2021 டிசம்பர் 7-ல் அவரைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்கத் தேர்தல் நடந்தது. முதல் இரவில் "நீக்கலாம்" என்றவர்கள் சுமார் 53 சதவீதம். இறுதி முடிவில் வெறும் 310 ஓட்டில் அவர் பதவி தப்பியது!

ஏன் இப்படி? சொந்த வீடும் நிலையான முகவரியும் உள்ள, வயதில் மூத்தவர்கள் சீட்டு வந்ததுமே நிரப்பி அனுப்பிவிடுகிறார்கள். வாடகை வீட்டுக்காரர்களும் இளைஞர்களும் கடைசி நாளில்தான் பெட்டியைத் தேடி ஓடுகிறார்கள். ஆகவே முதல் ஓட்டுகளை ஊரின் மாதிரியாக எடுத்துக்கொள்ள முடியாது. அவை ஊரில் ஒரு பகுதியின் குரல்தான்.

முன்னோட்டத்தில் இன்னொரு விதமான சேதியும் ஒளிந்திருக்கலாம். அதற்கு உதாரணம் மயாமி. 1997 நவம்பர் 4 மேயர் தேர்தலில் ஜோ கரோலோ வாக்குச்சாவடி ஓட்டுகளில் 51.41 சதவீதம் பெற்றார். தபால் ஓட்டுகளிலோ சேவியர் சுவாரஸ் 61.48 சதவீதம்! இரண்டையும் கூட்டியதும் கரோலோ 49.65 சதவீதத்துக்கு இறங்கினார். பாதியைத் தாண்டாததால் மறு சுற்று நடந்தது, அதில் சுவாரஸ் ஜெயித்து மேயரானார். ஒரே ஊர், ஒரே தேர்தல், இவ்வளவு பெரிய வித்தியாசம் எப்படி வந்தது?

விசாரித்தபோது மோசடி வெளிப்பட்டது. இறந்துபோனவர் பெயரில்கூட ஓட்டு விழுந்திருந்தது. 1998 மார்ச்சில் முதலில் ஒரு நீதிபதி தேர்தலைச் செல்லாது என்று அறிவித்து மறுதேர்தலுக்கு உத்தரவிட்டார். சில நாட்களில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தபால் ஓட்டுகள் அத்தனையையும் தள்ளிவிட்டு கரோலோவை மேயராக்கியது. சுவாரஸுக்கு மோசடியில் பங்கு இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்பதும் தீர்ப்பில் உண்டு. ஆனால் நேர்மையாகத் தபாலில் ஓட்டுப் போட்டவர்களின் ஓட்டும் சேர்ந்தே குப்பைக்குப் போனது. இதை அம்பலப்படுத்திய மயாமி ஹெரால்டு பத்திரிகைக்கு 1999-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

சியாட்டிலிலும் இடைவெளி, மயாமியிலும் இடைவெளி. முன்னதில் குற்றம் எதுவும் இல்லை, மக்களின் பழக்கம் மட்டுமே. பின்னதில் குற்றம். எண்ணைப் பார்த்து மட்டும் எது எது என்று சொல்லிவிட முடியாது. சாட்சிகளும் கையெழுத்துகளும் விசாரணையும் வேண்டும். முன்னிலை மாறியதுமே "திருட்டு" என்று கூவுவது எவ்வளவு தவறோ, வித்தியாசம் இயல்புதான் என்று கண்ணை மூடிக்கொள்வதும் அவ்வளவு தவறு.

சாய்வின் திசையும் நிலையானதல்ல. 1982-ல் கலிபோர்னியாவில் தபால் ஓட்டு குடியரசுக் கட்சிக்கு உதவியது. 2020-ல், கொரோனா காலத்தில், நாடு முழுவதும் தபாலை அதிகம் நாடியவர்கள் ஜனநாயகக் கட்சியினர். சீக்கிரம் போட்டவர்கள் கூடியிருக்கிறார்கள் என்பதாலேயே மொத்த ஓட்டு கூடும் என்றும் சொல்ல முடியாது. கடைசி நாளில் போட வேண்டியவர்களே முந்திக்கொண்டிருக்கலாம். எனவே முன்கூட்டிய கணக்கை அதே ஊரின் முந்தைய தேர்தலோடு ஒப்பிட வேண்டும். எந்த வயதினர், எந்தப் பகுதியினர் இன்னும் போடவில்லை என்றும் பார்க்க வேண்டும்.

அந்த மிச்ச ஓட்டுகளின் எடை என்ன என்பதை 2014 காட்டியது. பதவியேற்ற சாவந்த் தேர்தலில் முன்வைத்த முக்கியக் கோரிக்கை, மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி. அந்த ஜூன் மாதம் சியாட்டில் நகர மன்றம் அதை ஒருமனதாக நிறைவேற்றியது. கூலிக்காரர்களுக்கான அந்த வாக்குறுதியோடு வந்தவர் மன்றத்தில் உட்கார்ந்தது, முதல் இரவுக் கணக்கில் இடம்பெறாத ஓட்டுகளால்தான்.