ராட்னி கிங் வழக்கு
அமெரிக்காவில் காவலர்களை ஜூரி விசாரிக்கும் முறையின் நியாயம் குறித்துப் பெரும் விவாதத்தை எழுப்பிய வழக்கு. 1991 மார்ச் 3 அன்று ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை லாஸ் ஏஞ்சல்ஸ் காவலர்கள் தடிகளால் கொடூரமாகத் தாக்கினர். அருகில் வசித்த ஒருவர் அதை வீடியோ எடுத்தார். நான்கு காவலர்கள் மீதான விசாரணை வெள்ளையர் மிகுந்த சிமி வேலி நகருக்கு மாற்றப்பட்டது. ஜூரிகளிலும் பெரும்பாலோர் வெள்ளையரே. 1992 ஏப்ரல் 29 அன்று அக்காவலர்கள் விடுவிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் மீதான ஒரு குற்றச்சாட்டில் மட்டும் ஜூரிகளிடையே ஒருமித்த முடிவு ஏற்படவில்லை. தீர்ப்பைத் தொடர்ந்த கலவரத்தில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். குடிமை உரிமை மீறலுக்காகக் கூட்டாட்சி நீதிமன்றம் 1993இல் அக்காவலர்களில் இருவருக்குத் தலா 30 மாதச் சிறை விதித்தது. விசாரணை நடக்கும் இடமும் ஜூரிகளின் தேர்வும் நீதியின் மீதான மக்கள் நம்பிக்கையை எவ்வளவு பாதிக்கும் என்பதற்கு இவ்வழக்கு முக்கியச் சான்று.