களாக்காய் ஜெல்லியும் உப்பு வேலியும்

கேக்கின் நடுவில் பளபளவென்று ஒரு சிவப்புப் பழம் வைத்துத் தருவார்களே, அதை செர்ரி என்று நம்பித்தான் நானும் இத்தனை வருஷம் சாப்பிட்டேன். பிறந்தநாள் கேக்கில் அதற்காக அடிதடிகூட நடந்திருக்கிறது. விஷயம் என்னவென்றால், நம் நாட்டு பேக்கரிகளில் செர்ரி என்ற பெயரில் வருவதில் பலவும் செர்ரியே கிடையாது. விதையை எடுத்து, சிவப்புச் சாயம் ஏற்றி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காய். ஆமாம், சீசனில் தாம்பரம் மார்க்கெட் ஓரத்தில் கோணிமேல் கூறு கட்டி வைத்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருகிறார்களே, அதே களாக்காய்தான்!

இது தெரிந்த அன்றிலிருந்து எனக்கு அந்தக் காய் மேல் ஒரு கண். தேடத் தேட அது எங்கெங்கேயோ கூட்டிக்கொண்டு போனது. சேர அரசன், போர்ச்சுகீசிய டாக்டர், உப்பு வரி, வெள்ளைக்காரர்களின் ஆட்டுக்கறி என்று சுற்றிவிட்டு, கடைசியில் எங்கள் வீட்டு கேஸ் அடுப்பில் வந்து நின்றது.

முதலில் நம் ஊர் சங்கதி. பதிற்றுப்பத்தின் நான்காம் பத்துக்குத் தலைவன் பெயர் களங்காய்க் கண்ணி நார்முடிச் சேரல். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது இதன் அர்த்தத்தை நான் யோசித்ததே இல்லை. களங்காய் என்றால் களாக்காய். கண்ணி என்றால் தலையில் சூடும் மாலை. முடிசூடும் நேரத்தில் பொன் கண்ணியும் முடியும் கைக்கு வராததால், களாக்காயைக் கோத்த கண்ணியையும் நாரால் செய்த முடியையும் சூடிக்கொண்டு அரசனானான் என்று ஒரு கதை சொல்கிறார்கள். கதை எவ்வளவு நிஜமோ, பெயர் நிலைத்துவிட்டது. புறநானூற்றிலும் யாழின் கறுத்த தண்டுக்கு உவமை களாப்பழம்தான். நன்றாகப் பழுத்த களாவைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கறுப்பு தெரியும். கிடைக்காத பலாக்காயைவிட கிடைத்த களாக்காய் மேல் என்று பழமொழி வேறு. ஆனால் பழமொழியில் களாக்காயின் நிலைமையைக் கவனியுங்கள்... வேறு வழியில்லாதவனின் காய்!

1563-ல் கோவாவில் ஒரு புத்தகம் அச்சானது. எழுதியவர் கார்சியா த ஓர்த்தா என்ற போர்ச்சுகீசிய மருத்துவர். இந்திய மருந்துச் சரக்குகளையும் பழங்களையும் பற்றி இரண்டு பேர் பேசிக்கொள்வது போல எழுதியிருப்பார். அதில் 'கரண்டாஸ்' என்று நம் களாவும் வருகிறது. இருநூறு வருஷம் கழித்து, 1767-ல், லின்னேயஸ் இந்தச் செடிக்கு 'கரிஸ்ஸா கரண்டாஸ்' என்று தாவரவியல் பெயர் வைத்தபோது அந்த கரண்டாஸ் அப்படியே ஒட்டிக்கொண்டது. இந்தியில் கரோண்டா, தெலுங்கில் வாக்காய. ஆந்திராக்காரர்கள் இதைப் பருப்பில் போட்டுக் கடைவார்கள், புளியே வேண்டாம்.

இனி வருவதுதான் எனக்குப் பிடித்த பகுதி. காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் வரி என்றால் காது தானாக நீளும் :-)

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் இந்தியாவில் எல்லா இடத்திலும் உப்புக்கு ஒரே வரி கிடையாது. வங்காளத்தில் அதிகம். மெட்ராஸ், பம்பாய் மாகாணங்களில் குறைவு. விலையில் வித்தியாசம் இருந்தால் கடத்தல் தானாக வந்துவிடும், அதற்குப் பொருளாதாரம் படிக்க வேண்டியதில்லை. அதைத் தடுக்க நாட்டின் குறுக்கே ஒரு சுங்கக் கோடு போட்டார்கள். 1869 வாக்கில் சிந்து நதியிலிருந்து மகாநதி வரை 2,300 மைல். காவலுக்கு ஏறக்குறைய 12,000 ஆட்கள். அவ்வளவு நீளத்துக்குச் சுவர் கட்ட முடியுமா? அதனால் முள்வேலி வளர்த்தார்கள், உயிருள்ள வேலி. கருவேலம், இலந்தை, சப்பாத்திக்கள்ளி, அவற்றோடு களா. 1867-லிருந்து 1870 வரை சுங்கக் கமிஷனராக இருந்து இந்த வேலியைத் தீவிரமாக வளர்த்தவர் ஏ.ஓ. ஹ்யூம். எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதா? 1885-ல் காங்கிரஸ் தொடங்கியதில் முக்கியமானவர், அவரேதான். பாடப்புத்தகத்தில் இந்த வேலிக் கதையை யாரும் சொல்லித்தரவில்லை.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கோட்டில் உப்புக்கு மட்டும் வரி வாங்கவில்லை, அதைத் தாண்டிப் போகும் சர்க்கரைக்கும் வாங்கினார்கள். களாச்செடி ஒரு பக்கம் உப்பைத் தடுத்தது, மறுபக்கம் சர்க்கரையைத் தடுத்தது. களாக்காயைச் சாப்பிட இருக்கும் வழியே இரண்டுதான், ஒன்று உப்பு, இன்னொன்று சர்க்கரை! 1879-ல் சுங்கக் கோட்டைக் கைவிட்டார்கள், வேலியும் மறந்துபோனது. ராய் மாக்ஸம் என்ற ஆங்கிலேயர் அதைத் தேடி வட இந்தியாவில் அலைந்து 2001-ல் ஒரு புத்தகமே எழுதினார். கிடைத்தால் படியுங்கள்.

சரி, ஜெல்லிக்கு வருவோம்.

ஆட்டுக்கறி ரோஸ்ட்டுக்கு சிவப்புக் கரண்ட் பழ ஜெல்லி தொட்டுக்கொள்வது இங்கிலாந்துப் பழக்கம். இந்தியா வந்த வெள்ளைக்காரர்களுக்கு ஆடு கிடைத்தது, கரண்ட் பழம் கிடைக்கவில்லை. கப்பலில் பாட்டிலாகவும் டின்னாகவும் வருவதை வாங்க வேண்டும். 'வைவர்ன்' என்ற புனைபெயரில் மெட்ராஸ் ராணுவ அதிகாரி கென்னி ஹெர்பர்ட் எழுதி 1878-ல் மெட்ராஸில் வந்த சமையல் புத்தகம் ஒன்று உண்டு. டின் சாப்பாட்டை நம்பியே வாழும் தன் இனத்தாரை அதில் நன்றாகவே திட்டியிருப்பார். அப்படியிருக்க, தோட்டத்து வேலியிலேயே புளிப்பும் சிவப்புமாக ஒரு பழம் காய்த்தால் விடுவார்களா? களாவுக்கு 'வங்காளத்துக் கரண்ட்' என்று பெயர் வைத்தார்கள். 1889-லிருந்து 1893 வரை ஆறு தொகுதிகளாக ஜார்ஜ் வாட் வெளியிட்ட இந்தியப் பொருளாதாரப் பொருட்கள் அகராதியில் களாவும் உண்டு. காயாக இருக்கும்போது ஊறுகாய்க்கும், பழுத்ததும் டார்ட்டுக்கும் ஜெல்லிக்கும் நல்லது என்பதுதான் அந்தக் காலத்து நூல்களின் தீர்ப்பு.

நம்மவர்கள் ஏன் ஜெல்லி செய்யவில்லை? எனக்குத் தோன்றும் காரணம் சர்க்கரை. ஜெல்லி என்பது முக்கால்வாசி சர்க்கரைதான். இந்தப் பக்கம் நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனி 1842-லேயே சர்க்கரை ஆலை தொடங்கிவிட்டது. ஆனால் ஆலை வந்ததும் வெள்ளைச் சர்க்கரை குடிசைக்குள் வந்துவிடவில்லை. அங்கே இருந்தது வெல்லமும் பனைவெல்லமும், அதுவும் பொங்கலுக்கும் விசேஷத்துக்கும். முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு பறித்த காட்டுக்காய்க்கு எடைக்கு எடை சர்க்கரை கொட்ட யாருக்கு மனசு வரும்? உப்பு போட்டால் வருஷம் முழுக்கக் கஞ்சிக்கு ஆகும். அறிவு இல்லாமல் இல்லை, கணக்கு அப்படி.

ஜெல்லி ஏன் உறைகிறது என்பதும் அப்போதே தெரிந்த சங்கதிதான். 1825-ல் பிராகோனோ என்ற பிரெஞ்சுக்காரர் பழத்திலிருக்கும் அந்தச் சரக்கைப் பிரித்து, பெக்டின் என்று பெயர் வைத்தார். உறைவதற்கு மூன்று விஷயம் சேர வேண்டும். பெக்டின் ஒரு சதவீதம் போல, சர்க்கரை 65 சதவீதம் போல, கூடவே நல்ல புளிப்பு. ஒன்று குறைந்தாலும் கிடைப்பது சர்பத். பல பழங்களில் எலுமிச்சைச் சாறு விட வேண்டியிருக்கும், சிலவற்றில் கடையில் விற்கும் பெக்டின் பொடி போட வேண்டியிருக்கும். களாக்காய்க்கு இரண்டுமே வேண்டாம். பெக்டினும் புளிப்பும் அதிலேயே தாராளமாக இருக்கிறது. ஒரே நிபந்தனை, முழுக்கப் பழுத்திருக்கக் கூடாது. பழுக்கப் பழுக்க பெக்டின் உடைந்துபோகும். எனவே பாதிக்குமேல் செங்காய், மீதி பழம்.

இதைப் படித்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை. போன சீசனில் ஆயாவிடம் கேட்டேன். "களாக்காய் எங்க ஆயா கிடைக்கும்?"

"ஏன், ஏரிக்கரைக்கு அந்தாண்ட போனா மடி மடியா பறிக்கலாமே" என்றது. அப்புறம் அதுவே யோசித்துவிட்டு, "இப்ப எங்க... எல்லாம் வூடா ஆயிடுச்சு" என்றது.

ஆயா இந்த பீர்க்கன்கரணைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த காலத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வயலும் முள்காடும்தானாம். விறகு பொறுக்கப் போனால் களா, சூரை, இலந்தை, காரை என்று ஏதாவது மடியில் கட்டிக்கொண்டு வருவார்களாம். வண்டலூர், நெடுங்குன்றம், நன்மங்கலம் பக்கமெல்லாம் இந்த ஊரின் இயற்கையான காடு அந்த முள்காடுதான். உயரமான மரம் கிடையாது, புதர் புதராக இருக்கும். பெரிய களாவைவிட இந்தப் புதர்க்காட்டில் சிறுகளாதான் அதிகம். காய் பட்டாணி அளவு, ருசி தூக்கல். அந்தக் காடு எப்படி இருந்தது என்று இன்றைக்குப் பார்க்க வேண்டுமானால், மெட்ராஸ் கிறிஸ்துவக் கல்லூரி வளாகத்துக்குப் போகலாம். 1937-ல் ஜார்ஜ் டவுனிலிருந்து சேலையூர் காட்டுக்குள் கல்லூரி இடம் மாறியது. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் மரங்கள் நட்டு, இருந்த செடிகளைப் பற்றியும் குறித்துவைத்தார்கள். வேலி போட்டதால் அந்தக் காடு பிழைத்தது.

ஆனால் வேலி போட்டால் உள்ளே போக முடியாதே! இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். 1882-ல் சென்னை வனச் சட்டம் வந்தது. காப்புக்காடு என்று அறிவித்த இடத்தில் பழம் பறிப்பதும் குற்றக் கணக்கில் வந்துவிட்டது. சட்டத்தின் பார்வையில் களாக்காயும் 'வனப் பொருள்'தான். தலைமுறை தலைமுறையாகக் காட்டில் காய் பறித்த செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களுக்கும், எங்கள் ஆயா மாதிரி விறகுக்குப் போனவர்களுக்கும் அன்றிலிருந்து ஒவ்வொரு மடிக்காயும் திருட்டுக்காய். காடு இருக்க வேண்டும் என்றால் கட்டுப்பாடு வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டுப்பாடு போட்ட காட்டைவிட, பட்டா போட்டு அழிந்த காடு அல்லவா இந்தப் பக்கம் அதிகம்? மடியில் காய் கட்டியவர்களால் போன புதர் ஒன்றுகூட இருக்காது என்று நினைக்கிறேன்.

காய் கடைசியில் கிடைத்தது, ஒரு காலி மனையில். பதிவுக்கல் நட்டு, சுற்றுச்சுவர் போடாத மனை. மூலையில் ஒரே ஒரு புதர். ஆயாவை ஸ்கூட்டியில் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன். பறிக்கும்போது காம்பில் பால் வரும், கையில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு போகவே போகாது. ஆயா தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு பறித்தது, எனக்கு அது அப்புறம்தான் தெரிந்தது! ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத் தேறியது.

உப்புத் தண்ணீரில் ஊறவைத்து பாலைக் கழுவினோம். மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு வேகவைத்து, மசித்து, ஆயாவின் பழைய வெள்ளைப் புடவைத் துணியில் கட்டித் தொங்கவிட்டோம். துணியைப் பிழியக்கூடாது, பிழிந்தால் ஜெல்லி கலங்கிவிடும். ராத்திரி முழுக்கச் சொட்டியது. காலையில் பார்த்தால் ரத்தச் சிவப்பில் சாறு. சாறு ஒரு டம்ளருக்கு சர்க்கரை முக்கால் டம்ளர். கொதி 105 டிகிரி வரை ஏற வேண்டும். வீட்டில் தெர்மாமீட்டர் ஏது? கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் சொட்டாக விழாமல் படலமாகச் சேர்ந்து விழ வேண்டும், அதுதான் பதம்.

முதல் முறை பதம் வரும் முன்பே பயந்து இறக்கிவிட்டேன். ஆறியும் தண்ணீர்தான். ஆயா எட்டிப் பார்த்துவிட்டு, "கம்பிப் பதம் தாண்டணும்டா" என்றது. ஜெல்லி என்ற வார்த்தையையே அன்றுதான் கேட்கிறது, ஆனால் பாகு தெரிந்த கை! மறுபடி அடுப்பில் ஏற்றி, ஆயாவே நின்று பார்த்து இறக்கியது. இரண்டு பாட்டில். ஒரு மணி நேரத்தில் கத்தி வைத்து வெட்டலாம் போல உறைந்துவிட்டது. சாயம் எதுவும் போடாமலே அந்த நிறம்.

இதை விற்கலாமா என்று புத்தி போகாமல் இருக்குமா? 1955-ல் வந்த பழப்பொருள் ஆணைப்படியே ஜெல்லி என்று சொல்ல 45 சதவீதம் பழமும் 65 சதவீதம் கரைந்த திடப்பொருளும் வேண்டும், லைசென்ஸும் வேண்டும். 2011-ல் அந்த ஆணை போய் உணவுப் பாதுகாப்பு விதிகள் வந்தன, பதிவு இல்லாமல் விற்க முடியாது. அதெல்லாம்கூடச் சமாளிக்கலாம். காஸ்டிங் போட்டுப் பார்த்தேன். சர்க்கரை, கேஸ், பாட்டில், பெட்ரோல் எல்லாம் எழுதினேன். மூலப்பொருள் என்ற வரியில் சைபர் போட்டேன். அந்த சைபரைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த மே மாதம் போனபோது அந்த மனையில் பேஸ்மென்ட் எழும்பியிருந்தது.

ஒரு பாட்டில் தீர்ந்துவிட்டது. இன்னொன்றில் கால்வாசி இருக்கிறது. ஆயா அதைப் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறது. கொஞ்சம் உப்பு போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்கிறது.