ஓர் உழவனின் காலையுணவு

வரலாறு என்றவுடன் மன்னரும் போர்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. உரோமப் பேரரசின் கதையைக் கற்போர் சீசரை அறிவர், அகஸ்டசை அறிவர். அப்பேரரசில் ஏர் பிடித்த ஏழை உழவன் விடியற்காலையில் எதை உண்டு வயலுக்குச் சென்றான் என்பதை அறிந்தவர் மிகச் சிலரே.

அதனைக் கூறும் சிறு இலத்தீன் செய்யுள் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கின்றது. அதன் பெயர் ‘மொரேட்டும்’. பூண்டும் பச்சிலைகளும் பாலாடைக்கட்டியும் சேர்த்து இடித்த ஒருவகைத் துவையலுக்கு உரோமர் இட்ட பெயர் அது. 120 அடிகளுக்குச் சற்று மிகுந்த இச்செய்யுளை நெடுங்காலம் பெருங்கவிஞர் வர்ஜிலுடையது என்று கருதினர். இன்றைய அறிஞருள் பெரும்பாலோர் அக்கருத்தை ஏற்பதில்லை.

செய்யுளின் தலைவன் சிமுலுஸ் என்னும் உழவன். குளிர்காலத்து இருளில், கோழி கூவும் வேளையில் எழுகின்றான். அடுப்பின் சாம்பலைக் கிளறி நெருப்பை ஊதி எழுப்புகின்றான். திரிகையில் தானியம் அரைத்து, மாவு பிசைகின்றான். அவனுக்குத் துணை ஸ்கிபலே என்னும் ஆப்பிரிக்கப் பெண் ஒருத்தியே. அவள் விறகிட்டு நீரைக் காய்ச்சுகின்றாள்.

அடுப்பருகே இறைச்சி தொங்கவில்லை. நடுவே துளையிட்டுக் கயிற்றில் கோத்த பாலாடைக்கட்டி ஒன்று தொங்குகின்றது. எனவே அவன் தோட்டத்திற்குச் சென்று நான்கு பூண்டுகளும், செலரிக் கீரையும், அருவதாவும், கொத்துமல்லியும் பறித்து வருகின்றான். பூண்டை உரித்துக் கழுவி, உப்பும் பாலாடைக்கட்டியும் பச்சிலைகளும் சேர்த்துக் கல்லுரலில் இடிக்கின்றான். பூண்டின் நெடி கண்ணைக் கரிக்கின்றது. ஒலிவ எண்ணெய் சில துளிகளும் சிறிது காடியும் விட்டு, உருண்டையாகத் திரட்டி எடுக்கின்றான்.

இவ்வுணவு கவிஞனின் கற்பனையன்று. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கொலுமெல்லா தம் வேளாண்மை நூலின் 12ஆம் பகுதியில், புதினா முதலிய பல இலைகளைப் புதிய பாலாடைக்கட்டியுடன் இடித்து, மிளகிட்ட காடி கலக்கும் முறையை எழுதியுள்ளார். ஒன்று நிலவுடைமையாளரின் ஏடு. மற்றொன்று ஏழையின் உரல். இரண்டிலும் ஒரே உணவு!

மாணவர்களே, செய்யுள் கூறும் மற்றொரு செய்தியையும் நோக்குங்கள். சிமுலுசின் தோட்டத்தில் முட்டைக்கோசு முதலிய நல்ல காய்கறிகள் செழித்திருந்தன. ஆனால் அவை அவனுக்காக அல்ல, நகரத்தாருக்காக. சந்தை நாள்தோறும் அவற்றைத் தோளில் சுமந்து சென்று விற்றுக் காசுடன் திரும்பினான். நகரத்தார் காய்கறி உண்டனர். விளைத்தவன் பூண்டுத் துவையலால் பசியாறினான். நாட்டின் பொருளாதார நிலையை ஓர் உரலுக்குள்ளும் காணலாம் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஸ்கிபலேயை மட்டும் கவிஞர் கருணையோடு நோக்கவில்லை. அவள் தோற்றத்தை நீளமாக வருணித்தவர், அவள் எண்ணத்தைப் பற்றி ஒரு சொல்லும் உரைக்கவில்லை. ஆயினும் வெந்த ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்து வந்தவள் அவளே. அதைப் பெற்றுக்கொண்டு, காளைகளை நுகத்தில் பூட்டி, சிமுலுஸ் உழச் செல்கின்றான். கவிதையும் முடிகின்றது.

பழைய நூல்களைக் கற்கும்போது அரியணையில் அமர்ந்தவரை மட்டுமன்றி, அடுப்பருகே நின்றவரையும் தேடுங்கள். அவர்களும் சேர்ந்ததே வரலாறு.