துன்புறும் மனிதரும் துணைநிற்கும் கையும்: பின்லாந்து நாட்டுச் செவிலியர் கோட்பாடு ஒன்றின் வரலாறு

ஆஸ்பத்திரியில் நாம் அன்றாடம் புழங்கும் சொல் 'பேஷண்ட்'. அதன் வேர் லத்தீன் மொழியில் உள்ளது. துன்பத்தைத் தாங்குகிறவர், பொறுத்துக்கொள்கிறவர் என்பதே அதன் பொருள். ஆங்கிலத்தில் பொறுமைக்குச் சொல்கிற 'பேஷன்ஸ்' என்ற சொல்லும் இதே வேரில் கிளைத்ததுதான். நம் தமிழில் 'நோயாளி' என்கிறோம், அதாவது நோயை உடையவர். ஒரு சொல் நோயைப் பார்க்கிறது, மற்றது துன்பத்தைப் பார்க்கிறது. இந்த வித்தியாசத்தையே அடித்தளமாக வைத்து ஒரு கோட்பாட்டை எழுப்பியவர் பின்லாந்து நாட்டுச் செவிலியர் காத்தி எரிக்சன். அவர் வரலாற்றையும் கொள்கையையும் இங்கே சுருக்கமாகப் பார்ப்போம்.

செவிலியர் பணி தனிப் படிப்பாக வளர்ந்த கதை பலருக்கும் தெரிந்ததே. 1854இல் கிரிமியப் போரின்போது ஸ்குடாரி ராணுவ மருத்துவமனைக்குச் சென்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல், 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பயிற்சிப் பள்ளி ஏற்படக் காரணமானார். சுத்தம், காற்று, வெளிச்சம், பத்தியம் இவையே அவர் வற்புறுத்தியவை. அதன்பின் நூறு ஆண்டு கழித்து அமெரிக்காவில் சிந்தனை வேறு பக்கம் திரும்பியது. 1952இல் ஹில்டகார்ட் பெப்லாவ், செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே உள்ள உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்று எழுதினார். 1966இல் ஜாய்ஸ் டிராவல்பீ, துன்பத்தைச் சமாளிக்கவும் அதில் ஒரு பொருள் காணவும் உதவுவதே செவிலியர் வேலை என்றார். ஆக, எரிக்சன் வெறும் நிலத்தில் விதைக்கவில்லை, உழுத நிலத்தில்தான் விதைத்தார்.

எரிக்சன் 1943இல் பின்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள யாக்கோப்ஸ்டாட் என்ற ஊரில் பிறந்தார். தாய்மொழி சுவீடிஷ். அந்நாட்டு மக்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான் சுவீடிஷ் பேசுகிறவர்கள். 1965இல் செவிலியர் படிப்பை முடித்தார், 1982இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். சுவீடிஷ் மொழியில் பாடம் நடத்தும் ஓபோ அகாடமி பல்கலைக்கழகத்தின் வாசா நகரக் கிளையில், 1980களின் பிற்பாதியில் பராமரிப்பு அறிவியல் என்ற துறையை வளர்த்தெடுத்தார். 1994இல் 'துன்புறும் மனிதர்' என்ற பொருள்படும் நூலைச் சுவீடிஷில் வெளியிட்டார். 2006இல் அது ஆங்கிலத்துக்குப் போனது. 2019இல் காலமானார். சின்ன மொழியில் எழுதினால் யார் படிப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு இவர் ஒரு நல்ல பதில்.

அவர் கோட்பாட்டுக்கு மூலச்சொல் 'காரித்தாஸ்'. 'சாரிட்டி' என்ற சொல் இதிலிருந்து வந்ததே. ஆனால் தர்மம், கொடை என்று மட்டும் பொருள் கொண்டால் பாதிதான் கிடைக்கும். லத்தீனில் இதற்கு அன்பு என்றும் பொருள் உண்டு, விலை ஏறிக் கிடக்கிறது என்றும் பொருள் உண்டு. கடைக்காரனாகிய எனக்கு இது சட்டென்று பிடிபட்டது. தமிழிலும் 'அருமை' என்றால் கிடைத்தற்கு அரியது, அன்புக்குரியது இரண்டும்தானே! எதிரே படுத்திருப்பவரை அருமையானவராகக் கருதுவதே பராமரிப்பின் தொடக்கம் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

துன்பத்தை எரிக்சன் மூன்றாகப் பிரிக்கிறார். முதலாவது, நோயாலும் சிகிச்சையாலும் வருவது. வலி, ஊசி, அறுவை எல்லாம் இதில் சேரும். இரண்டாவது, வாழ்க்கைத் துன்பம். நேற்றுவரை வீட்டைத் தாங்கியவர் இன்று அடுத்தவர் கையை எதிர்பார்க்கிறார், சாவு கண்ணில் தெரிகிறது, என் வாழ்வு என்ன ஆயிற்று என்று மனம் கேட்கிறது. மூன்றாவது, பராமரிப்பே உண்டாக்கும் துன்பம். இதற்கு நான்கு வாசல் சொல்கிறார்: மானத்தைக் குலைப்பது, பழித்துத் தண்டிப்பது, அதிகாரம் செலுத்துவது, செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவது. முதல் இரண்டில் சிலவற்றை எவராலும் நீக்க முடியாது. இந்த மூன்றாவதையோ முழுக்கத் தவிர்க்கலாம், தவிர்க்கவும் வேண்டும். அவர் கொள்கையின் உயிர்நாடி இதுவே என்பது என் கருத்து.

இது ஏதோ ஏட்டுச் சுரைக்காய் அல்ல. இந்த மும்பையில் எங்கள் வியாபார வட்டத்துப் பெரியவர் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தமிழ் தவிர வேறு பாஷை வராது. ராத்திரி முழுக்க "புரட்டிப் போடுங்கம்மா" என்று கேட்டிருக்கிறார். யாருக்கும் விளங்கவில்லை. காலையில், 'இவர் சும்மா சத்தம் போடுகிற ஆள்' என்று பேராகிவிட்டது. எரிக்சன் கணக்கில் இது இரண்டு குற்றம்: செய்யாமல் விட்டது, பிறகு பழித்தது. மறுநாள் பணிக்கு வந்த கேரளத்துச் செவிலியர், "வலிக்குதா?" என்று ஒரே வார்த்தை கேட்டார். பெரியவர் அடங்கிப்போனார். மருந்து அதே மருந்துதான்!

எரிக்சன் துன்பத்தை மூன்று அங்க நாடகமாகச் சொல்கிறார். முதல் அங்கம், 'உனக்குத் துன்பம் இருக்கிறது, நான் பார்க்கிறேன்' என்று ஒப்புக்கொள்வது. இரண்டாவது, அந்தத் துன்பத்தை அனுபவிக்க நேரமும் இடமும் தருவது. மூன்றாவது, மனம் சமாதானப்பட்டுப் புது நிலைக்கு வருவது. நம்மவர்கள் முதல் அங்கத்திலேயே "ஒண்ணுமில்லை, எல்லாம் சரியாப் போயிடும்" என்று சொல்லித் திரையை இறக்கிவிடுகிறோம். அது ஆறுதல் மாதிரி இருக்கும். ஆனால் துன்பப்படுகிறவரின் வாயை அடைப்பதும் அதுதான்.

சமண நூல் பயில்வோர்க்கு இங்கே வையாவிருத்தியம் நினைவுக்கு வரும். நோயுற்ற துறவியர்க்குத் தொண்டு செய்வது அகத்தவம் ஆறில் ஒன்று. 'எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தது' என்று எழுத எனக்கு மனமில்லை. அங்கே தொண்டு செய்பவரின் வினை கழிவது முக்கியம், இங்கே படுத்திருப்பவரின் துன்பமே நடுப்புள்ளி. ஒப்பிடலாம், ஒன்றாக்கக் கூடாது.

இக்கோட்பாட்டுக்கு மறுப்பும் உண்டு. அன்பை எப்படி அளப்பது, நாற்பது கட்டிலை ஒருத்தி ஓடி ஓடிப் பார்க்கும் வார்டில் துன்பத்துக்கு நேரம் கொடு என்றால் எங்கிருந்து கொடுப்பாள் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆள் பற்றாக்குறையை அன்பால் நிரப்பச் சொல்வது செவிலியர்க்கு இழைக்கும் அநீதி. ஆகவே கருணையைத் தனிமனித குணமாக மட்டும் விடாமல் ஏற்பாடாகவும் சட்டமாகவும் ஆக்க வேண்டும். பின்லாந்து 1992இல் நோயாளர் உரிமைச் சட்டம் இயற்றியது. நோயாளியின் தாய்மொழி, தேவை, பண்பாடு ஆகியவற்றை இயன்றவரை கருத்தில் கொள்ள வேண்டும் என்று அதில் எழுதிவைத்தது.

பிறமொழி மண்ணில் பிழைக்கும் நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. வலிக்கிறது, தாகம், மூச்சு முட்டுகிறது, புரட்டிவிடுங்கள், பிள்ளையைக் கூப்பிடுங்கள் என இருபது தொடர்களைத் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் ஓர் அட்டையில் அச்சிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போகும் நம் முதியோர் கையில் சங்கம் கொடுக்கலாம். செலவு சொற்பம். மருந்து நோயைத் தணிக்கட்டும். கேட்பாரற்றுக் கிடக்கும் துன்பத்தையாவது நாம் தணிப்போம்.