எதிர் மண்டலத்தில் தெரிந்த நம் முகம்

மூணாறு பக்கம் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களில் டாப் ஸ்டேஷன் போய் வராதவர்கள் அபூர்வம். அங்கிருந்து கீழே தேனிச் சமவெளியைப் பார்த்து, "ஊருக்குள்ள இருந்தப்ப இதோட வடிவம் தெரியலையே" என்பார்கள் பெரியவர்கள். வானியல் வரலாற்றிலும் இப்படி ஒரு கதை உண்டு.

நாம் குடியிருக்கும் விண்மீன் மண்டலம் பால்வழி. உள்ளேயே இருப்பதால் அதன் உருவம் நமக்குத் தெரியாது. நூறாண்டுக்கு முன்பு, வானத்தில் தெரிந்த சுருள் நெபுலாக்கள் பால்வழியைச் சேர்ந்தவையா, தனி மண்டலங்களா என்று பெரிய வழக்கே நடந்தது. பால்வழிப் பட்டையை ஒட்டி ஒரு சுருள்கூடத் தென்படாதது ஏன் என்பதுதான் புதிர்.

தோசைக்கல்லை நேரே பார்த்தால் வட்டம். கண்மட்டத்தில் பிடித்தால் கோடு. அப்படிப் பக்கவாட்டில் தெரியும் சுருள்களை, கலிபோர்னியாவின் லிக் ஆய்வகத்தில் 36 அங்குல கிராஸ்லி தொலைநோக்கியால் ஹீபர் கர்ட்டிஸ் படமெடுத்தார். பலவற்றின் நடுவே கரிக்கோடு போட்டதுபோல ஓர் இருண்ட பட்டை! நம் மண்டலத்திலும் இப்படி ஒரு பட்டை இருந்தால், அதற்குப் பின்னால் உள்ளவை மறைந்துதானே போகும்? 1920 ஏப்ரல் 26 அன்று வாஷிங்டனில் ஷாப்லியோடு நடந்த விவாதத்தில், சுருள்கள் தனி மண்டலங்களே என்று கர்ட்டிஸ் வாதாடினார். 1923-இல் ஹப்பிள் எடுத்த ஆண்ட்ரோமீடா படங்கள் அந்த வழக்கைத் தீர்த்துவைத்தன.

நம் வட்டவடைக்குக் கிழக்கே, அடுத்த மலையில் இருக்கிறது கொடைக்கானல் ஆய்வகம். 1899-இல் தொடங்கிய அதன் முக்கியப் பணி சூரிய ஆய்வு. 1960-இல் தலைமை ஏற்ற வைணு பாப்பு, இரவு வானத்துக்கென ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தார். 1968-இல் அங்கே பணி தொடங்கியது, 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் தென்வானமும் நன்றாகத் தெரியும் என்பது அந்த இடத்தின் சிறப்பு.

பாலக்காடு, இடுக்கிக்காரர்களான நமக்கும் அந்தச் சலுகை உண்டு. 1783-இல் கரோலின் ஹெர்ஷல் கண்ட என்.ஜி.சி. 253, ஏறக்குறையப் பக்கவாட்டில் தெரியும் சுருள், சுமார் 1.1 கோடி ஒளியாண்டு தொலைவு. லண்டனில் அது அடிவானத்திலிருந்து 13 பாகைதான் ஏறும். மூணாறில் 55 பாகை. சிறு தொலைநோக்கி, வானத்தோடு சேர்ந்து திரும்பும் தாங்கி, டிஜிட்டல் கேமரா இருந்தால் போதும். சில நிமிடப் படங்கள் பலவற்றைக் கணினியில் ஒன்றுசேர்த்தால் தூசிக்கோடுகளும் தெரியவரும்.

டிசம்பர் மாதம், மேகமில்லாத முன்னிரவில் முற்றத்து விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு தெற்கே பாருங்கள். பைனாகுலரில் ஒரு மங்கலான கீற்று தெரிந்தால், "நம்ம மண்டலம் அங்கேயிருந்து பார்த்தா கீற்றா இருக்காது, நேரே பார்த்த தோசைக்கல் மாதிரி ஏறக்குறைய வட்டமாத் தெரியும்" என்று சொல்லிக் கொடுங்கள்.